ஆம்ப்ளிஃபயரை அணைக்கலாமா, கூடாதா?

வீட்டில் ஒருவர் அறையை விட்டு வெளியே வந்தால் லைட்டையும் ஃபேனையும் உடனே நிறுத்துவார். செல்போன் சார்ஜரைக்கூட பிளக்கில் விட்டுவைக்க மாட்டார். அதே வீட்டில் இன்னொருவரின் ஆம்ப்ளிஃபயர் மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டால், "சூடாக இருந்தால்தான் சவுண்டு நன்றாக இருக்கும், அடிக்கடி ஆன் ஆஃப் செய்தால் கெட்டுப்போகும்" என்பார். இசைப்பிரியர்கள் இருக்கும் வீடுகளில் இது தீராத சண்டை! சரி, யார் பக்கம் நியாயம்?

இசைப்பிரியர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சூடேறும்போதும் ஆறும்போதும்தான் பழுதாயின. அதனால் அந்தக் கணினியை முடிந்தவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

ஆனால் வீட்டில் இருப்பது எனியாக் அல்லவே! வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால், வால்வின் ஆயுள் அது எரியும் மணிக்கணக்கில்தான் தேய்கிறது. யாரும் கேட்காத நேரத்தில் எரிவதும் அந்தக் கணக்கில் சேரும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் என்றால், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எதிரி. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. போதாததற்கு, இடி மின்னலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் இருக்கவே இருக்கின்றன. ஆக, எப்போதும் ஓடவிடுவது காப்பாற்றுவது ஆகாது.

இனி மின்சாரக் கணக்கு. சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயர், 60 நாளில் 72 யூனிட் தின்றுவிடும். தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட இலவச மின்சாரமே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான்! 'கிளாஸ் ஏ' வகையில் 200 வாட் இழுப்பவையும் உண்டு. அவற்றுக்கு 288 யூனிட். இத்தனையும் பாட்டாக வெளியே வருவதில்லை, வெறும் சூடாகத்தான் வருகிறது. ஏசி அறையாக இருந்தால் அந்தச் சூட்டை வெளியேற்ற மறுபடியும் மின்சாரச் செலவு.

சிக்கனம் பேசுகிறவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களின் ஸ்டாண்ட்பை செலவை அரை வாட்டுக்குள் கட்டுப்படுத்தியது. அரை வாட் என்பது இரண்டு மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட இல்லை. சும்மா செருகியிருக்கும் இன்றைய சார்ஜர் அதைவிடக் குறைவாகவே இழுக்கும். அதற்காகச் சண்டை போட்டுவிட்டு 50 வாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்ன சிக்கனம்? எது எவ்வளவு இழுக்கிறது என்று ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மீதிச் சண்டைக்கும் வழி இருக்கிறது. சூடேறிய பிறகு சவுண்டு நன்றாக இருக்கும் என்று நம்புகிறவருக்கும் பொதுவாக அரை மணி நேரம் போதும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சுவிட்சைப் போட்டால், கை கழுவிவிட்டு வரும்போது ஆம்ப்ளிஃபயர் தயாராக இருக்கும். தினம் இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், அதே 50 வாட்டுக்கு 60 நாளில் ஏழரை யூனிட்தான். பாட்டிலும் குறைவில்லை, பில்லிலும் பாரமில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் மறக்காமல் சுவிட்சை அணைத்தால் போதும்!