தீர்ப்புக்கு முன்னே தண்டனை

பிறர் உழைப்பில் பிறந்த பாட்டை விலை கொடாமல் எடுத்து ஊருக்கெல்லாம் வழங்குவது குற்றமா? குற்றந்தான். நேற்று வெளிவந்த படத்தின் பாடல்களை இன்று தன் இணையதளத்தில் ஏற்றி, பக்கத்தில் விளம்பரமும் போட்டுக் காசு பார்ப்பவருக்காக வாதாட நான் வரவில்லை. பாட்டு எழுதியவருக்கும் மெட்டு அமைத்தவருக்கும் உரிய பங்கு சேரத்தான் வேண்டும். (படக்கொட்டகைக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது அவர்களுக்குப் பங்கு உண்டு, அதை எவரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று நம் சட்டம் சொன்னதே 2012ஆம் ஆண்டில்தான். அதற்குமுன் ஒருமுறைக் கூலியோடு அனுப்பப்பட்டவர் பலர். அவர்களை அப்படி அனுப்பியவர்கள் இணையதளம் வைத்திருந்த மாணவர்கள் அல்லர்!)

என் கேள்வி வேறு. இன்னார் குற்றவாளி என்று முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றமா, நோட்டீசு அனுப்பும் நிறுவனமா?

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நடந்ததைப் பாருங்கள், நண்பர்களே. இசைத்தட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி நான்கு மாணவர்கள்மீது வழக்குத் தொடுத்தன. பிரின்ஸ்டனில் ஒருவர், மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒருவர், ரென்சிலர் கல்லூரியில் இருவர். நால்வரும் நம்மைப்போல் மாணவர்கள். ரென்சிலர் மாணவர்களுள் ஒருவர், கல்லூரிக் கணினிகளில் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று தேடித்தரும் ஒரு பக்கத்தை அமைத்திருந்தார். பாடக்குறிப்புகள், படங்கள், ஆராய்ச்சித் தாள்கள் எல்லாம் அதில் கிடைத்தன. ஏறத்தாழ கால்பங்கு பாட்டு. அந்தக் கால்பங்குதான் வினையாயிற்று. ஒரு பாட்டுக்கு 1,50,000 டாலர் வரையில் இழப்பீடு விதிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு.

அந்த மாணவர் தாம் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ள மறுத்தார். வழக்காடலாமே என்கிறீர்களா? குறைந்தது இரண்டரை லட்சம் டாலர் செலவாகும், வென்றாலும் அந்தப் பணம் திரும்பாது என்றனர் வக்கீல்கள். அவரிடம் இருந்த சேமிப்பு 12,000 டாலர். எதிர்த்தரப்பு கேட்ட தொகையும் 12,000 டாலர்! கொடுத்தார், வழக்கு முடிந்தது. லாரன்ஸ் லெசிக் என்னும் சட்டப் பேராசிரியர் 2004இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மற்ற மூவரும் அவ்வாறே பணம் கட்டி மீண்டனர். நால்வரில் ஒருவர்மீதும் தீர்ப்பு எழுதப்படவில்லை. சாட்சி இல்லை, விசாரணை இல்லை. ஆனால் தண்டனை மட்டும் முழுமையாக நிறைவேறிற்று.

அது அமெரிக்கா, பணக்காரர் நாடு, நமக்கென்ன என்று இருந்துவிடலாம். இத்தலைநகரிலேயே, எங்கள் விடுதியில் இரண்டு அறை தள்ளித் தங்கியிருக்கும் நண்பருக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். அவருடைய தாத்தா திருவாரூர்ப் பக்கம். நாகசுரம் என்றால் உயிர். அவர் விட்டுச்சென்ற பழைய இசைத்தட்டுகளைப் பேரன் கணினியில் பதிந்து, தேய்ந்துபோன உறைகளிலிருந்து ஆண்டையும் வாத்தியக்காரர்களின் பெயர்களையும் படித்துக் குறித்து, சிறியதொரு இணையதளத்தில் வைத்திருந்தார். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தோடியைக் கேட்டுக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் தேநீர் குடிப்போம். ஒருநாள் ஒரு நிறுவனத்தின் புகார் வந்தது. தளத்துக்கு இடம் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை கேளாமல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். நண்பர் பயந்துபோய், தட்டுகளையே ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கலானார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் இசைத்தட்டின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபது ஆண்டுகள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த தட்டு எதுவாயினும், அதன் உரிமை 2016ஆம் ஆண்டின் இறுதியோடு தீர்ந்துபோயிற்று. ஆலாபனையாயின் பாட்டெழுதியவர் என்று உரிமை கோரவும் ஒருவர் இல்லை. (திரைப்பாட்டின் கதை வேறு. தட்டின் உரிமை தீர்ந்தாலும் பாட்டின் உரிமை தீராது. கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. அதை மதிக்கத்தான் வேண்டும்.) ஆக, நண்பர் வைத்திருந்தது எவருடைய சொத்தும் அன்று, பொதுச் சொத்து. பொதுச் சொத்துக்கு வேலி போட்டவரை யாரும் கேட்கவில்லை, அதைப் பேணியவரைத்தான் மிரட்டினார்கள்.

இந்தப் புகார்களை மனிதர் படித்துப் பார்த்து அனுப்புகிறார்களா என்பதே எனக்கு ஐயம். தோடியைக் கேட்ட காது உள்ளவர் எவரும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டிருக்க மாட்டார். ஆயிரம் புகார் அனுப்பினால் தொள்ளாயிரம் பேர் பயந்து ஒதுங்குவார்கள் என்ற கணக்குத்தான் இதன் அடிப்படை. பிழையான புகாருக்கு அனுப்பியவர் விலை கொடுக்க நேராதவரை இந்தக் கணக்கு மாறாது.

நம்மிடம் கருவி இல்லாமலும் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புகார் செய்தவர் 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை பெற்று வராவிட்டால், இடம் கொடுத்தவர் நீக்கியதைத் திரும்ப வைக்கலாம். ஆதாரமின்றி வழக்கென்று மிரட்டுபவர்மீது, மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் சென்று தடையும் இழப்பீடும் கேட்கச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழி செய்கிறது. இவற்றை அறிந்த மாணவர் நம்முள் எத்தனை பேர்? சட்டக் கல்லூரித் தமிழ் நண்பர்களைக் கேட்டபின்தான் எங்களுக்கே தெரிந்தது.

நண்பரின் பக்கம் நீக்கப்பட்டு இன்றோடு முப்பத்து நான்கு நாள். நீதிமன்ற ஆணை எதுவும் வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஆண்டைக் குறித்து, இடம் கொடுத்தவர்களுக்கு நேற்று இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். தட்டுகள் இன்னும் விடுதியில்தான் இருக்கின்றன.