விருந்தின் மறுநாள்

உடல் மெலிதற்கு வழி கூறும் நூல்கள் இக்காலத்து மலிந்து கிடக்கின்றன. எதனை உண்ணலாம், எதனை விலக்கல் வேண்டும், நாள்தோறும் எவ்வளவு நடத்தல் வேண்டும் என்று அவை விரித்துரைக்கும். ஆயின், விலக்கியதை ஒருவன் வயிறார உண்டுவிட்ட பின்னர், அன்றிரவும் மறுநாட் காலையிலும் அவன் செய்யத்தக்கது யாது என்பதைப்பற்றி அவற்றுட் பல வாய் திறப்பதில்லை. தம் நூலைக் கற்றவன் ஒருபோதும் வழுவான் என்னும் துணிவு போலும்! யான் கண்ட அளவில், இம்முயற்சியில் தோற்றவர்களுட் பெரும்பாலார் விருந்தின் மறுநாளிலேயே தோற்றனர். இதனை நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் கதையையே முதற்கண் கூறுகின்றேன். பிறர் வயிற்றைப்பற்றி எழுதுவதினும் தன் வயிற்றைப்பற்றி எழுதுவது தீங்கற்றது. சில ஆண்டுகளுக்கு முன் என் எடை 84 கிலோ. உயரமோ ஐந்தரை அடி. குருதியிற் சர்க்கரை எல்லைக்கோட்டை மிதித்து நிற்கின்றது என்றும், ஐந்தாறு கிலோவேனும் குறைத்தல் வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். காலையில் மூன்று இட்டிலியோடு எழுந்து, இரவிற் சோற்றை நீக்கி, மாலைதோறும் பாளையங்கோட்டை வீதிகளில் ஒரு மணி நேரம் நடந்து, பத்து வாரத்தில் நாலு கிலோ குறைத்தேன். பெட்டியின் அடியிற் கிடந்த பழைய கால்சட்டைகள் மீண்டும் இடுப்பிற் பொருந்தலாயின. அந்நிலையிற்றான் உவரித் திருவிழா வந்தது.

உவரியை அறியாதார் நம்முள் அரியர். திசையன்விளையைக் கடந்து, செம்மணல் தேரியும் பனங்காடும் தாண்டிக் கடலை அணுகினால், ஒரே கரையில் புனித அந்தோணியார் திருத்தலமும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் நிற்பதைக் காணலாம். அந்தோணியார் கோயிலில் ஆண்டின் தொடக்கத்தில் பதின்மூன்று நாள் திருவிழா. என் அத்தை வீடு அங்கேதான். திருவிழாவிற்குச் சென்றவன் அத்தை வீட்டில் உண்ணாது திரும்பினால், அடுத்த திருவிழா வரை அப்பேச்சு ஓயாது. வாயிற்படியில் என்னைக் கண்டதும், “என்னய்யா, இப்படி மெலிஞ்சு போயிட்ட!” என்று அவர் கலங்கினார். எண்பது கிலோ மனிதனைப் பார்த்து இங்ஙனம் கலங்குதற்கு அத்தைமாரால் மட்டுமே இயலும். நெய்மீன் குழம்பும், ஆட்டிறைச்சியும், வெண்சோறும், பாயசமும் இலையை நிறைத்தன. மறுத்தல் இயலவில்லை என்பது பாதி உண்மை. மறுக்க விரும்பவில்லை என்பது மற்றைப் பாதி. மாலையிற் கடைத்தெருவில் கருப்பட்டி மிட்டாய், காராச்சேவு, பேரீச்சம்பழம். இரவில் மீண்டும் இலை.

மறுநாட் காலை எடைப்பொறியில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பத்து வாரத்து உழைப்பிற் பெரும்பங்கு ஒரே நாளில் அழிந்தது என்று எண்ணி நெஞ்சு சோர்ந்தேன். “கெட்டது கெட்டுவிட்டது; வரும் திங்கட்கிழமை தொடங்கலாம்” என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமைகள் இரண்டு வந்து போயின. பதினைந்து நாள் கழித்து நடையுமில்லை, இட்டிலிக்கு எண்ணுமில்லை.

பின்னர் ஒரு நாள் இதனைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உடற்கொழுப்பு ஒரு கிலோ சேர்தற்குத் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உண்ணுதல் வேண்டும் என்பர். திருவிழா நாளில் யான் மிகையாக உண்டது இரண்டாயிரம் என்று கொண்டாலும், அதனாற் சேரக்கூடிய கொழுப்புக் கால் கிலோ அளவே. எடைப்பொறி காட்டிய எஞ்சிய எடை யாது? நீரும், இன்னும் செரியாத உணவுமே. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோசன் என்னும் வடிவில் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படுகின்றது; ஒரு பங்கு கிளைக்கோசன் தன்னோடு ஏறத்தாழ மூன்று பங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழம்பிலும் காராச்சேவிலும் உள்ள உப்பும் நீரை நிறுத்தும். வழக்கமான உணவுக்குத் திரும்பினால் இந்நீர் நாலைந்து நாளில் தானே நீங்கும். இதனை அறியாதவன் பொறியின் முள்ளைக் கண்டு, பெய்த மழை முழுதும் குளத்தில் நின்றுவிட்டதாக அஞ்சுகின்றான். என்னைக் கெடுத்தவை பின்வந்த பதினைந்து நாட்களே. நாளொன்றுக்கு எண்ணூறு கலோரி வீதம் மிகையாக உண்டேன் எனக் கொண்டால், பன்னீராயிரம். அஃதாவது ஒன்றரைக் கிலோவிற்கும் சற்று மேல். அத்தையின் இலையைக் காட்டிலும் அந்தத் திங்கட்கிழமை எனக்கு ஆறு மடங்கு கேடு செய்தது.

இது என் ஒருவனுடைய பேதைமையன்று. 1975-ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்னும் உளநூலார் இருவர் அமெரிக்க மாணவியரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தனர். சிலர்க்கு முதலிற் பாற்கூழ் பருகக் கொடுத்தனர். சிலர்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னர்ச் சுவை பார்த்துச் சொல்லுமாறு ஐஸ்கிரீமை முன்வைத்து, வேண்டியமட்டும் உண்ணவிட்டனர். உணவைப்பற்றிக் கவலையற்றவர், பாற்கூழ் பருகியிருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்தே உண்டனர், அஃது இயல்பு. ஆயின், உடல் பருக்கும் என்று அஞ்சி நாள்தோறும் தம்மைக் கட்டுப்படுத்தி வந்தவரோ, பாற்கூழ் பருகாதபோது உண்டதினும் பருகிய பின்னரே மிகுதியாக உண்டனர். வரம்பு உடைந்தது, இனிக் காத்தற்கு என்ன இருக்கின்றது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என அறிஞர் கொண்டனர். மது, புகையிலை முதலியவற்றை விடுத்தவர்கள் ஒருமுறை வழுவியதும் முழுதும் வீழ்தற்கும் இத்தகைய எண்ணமே துணை செய்கின்றது என்று மார்லட் என்பவர் பின்னர் விளக்கினார். உவரிச் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் அடியார் கடல்மணலைப் பெட்டியிற் சுமந்து வந்து குவிப்பதை நண்பர்கள் கண்டிருப்பர். ஒரு பெட்டி வழியிற் சிந்திவிட்டது என்பதற்காகக் குவித்த மணலையெல்லாம் கடலுக்கே வாரியிறைப்பார் எவருமிலர். உணவில் மட்டும் அதனைச் செய்கின்றோம்.

தவறியதை உணர்ந்து, மறுநாட் பட்டினி கிடந்து கணக்கைச் சரிசெய்பவர் வேறொரு சாரார். இவரை ஊரார் உறுதியுடையார் எனப் புகழ்வர். எனக்கோ இது முன்னையதினும் நன்றாகத் தோன்றவில்லை. வயிறு நாட்கணக்கு எழுதும் கணக்கனன்று என்பதை ஔவையார் நல்வழியில் அதனோடு வழக்காடிய வெண்பாவிலேயே கண்டுகொள்ளலாம். 1944, 45-ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், போர்புரிய மறுத்த இளைஞர் முப்பத்தறுவரை அவர்தம் இசைவோடு ஆறு திங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையிற் காற்பங்கு குறைந்தது. அதனோடு, நினைவெல்லாம் உணவாயிற்று. சிலர் சமையற் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போல் படித்தனர். கட்டு நீங்கிய பின்னர்ச் சிலர் வயிறு புடைக்க உண்டும் பசி தீராது தவித்தனர். திடமான உடலும் கொள்கையும் உடைய இளைஞர்க்கே இந்நிலை. பட்டினியால் விருந்தை வெல்ல நினைப்பவன் அடுத்த விருந்துக்கே பசி வளர்க்கின்றான். அன்றியும், இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ கொள்பவர் மருத்துவரைக் கேளாது உணவை நிறுத்தினால், குருதிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து உயிர்க்கே இடையூறு நேரலாம். இதனை எவரும் எளிதாக எண்ணற்க.

தன்னைத் தண்டித்துக்கொள்ளும் இவ்வியல்பு பெரியோரையும் விட்டதில்லை. 1918-ஆம் ஆண்டில் கூர்ச்சரத்தில் இருந்த காந்தியடிகள், வயிற்றுநோய் சிறிது கண்டிருந்தமையால் ஒரு பண்டிகை நாளில் நண்பகலுணவு வேண்டா என்று கஸ்தூரிபாயிடம் கூறியிருந்தார். அம்மையாரோ கோதுமையால் இனிப்புக் கஞ்சியும் பாசிப்பயறும் ஆக்கி வைத்தார். சிறிதளவே உண்பதாக அமர்ந்தவர் வயிறார உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் வயிற்றுக்கடுப்பு முற்றியது. மெலியும் முயற்சியன்று இது; எனினும், இலைமுன் தளர்ந்த கதை நம்முடையதே. அதன்பின் அவர் செய்ததுதான் சிந்திக்கத்தக்கது. தம் பேதைமைக்குரிய தண்டனையை ஏற்பதே தகுதி எனக் கருதி மருந்தை மறுத்தார். நோய் அவரைச் சாவின் வாயில்வரை இழுத்துச் சென்றது. சத்திய சோதனையில் அவரே இவற்றை ஒளியாது எழுதியுள்ளார். அவ்வாய்மையை வணங்குகின்றேன், அத்தண்டனையில் அவரைப் பின்பற்ற மாட்டேன்.

கடற்கரை ஊர்களிற் சிறுவர்க்குக் கற்பிக்கும் தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியமும் ஒன்று. அதனைக் குறைகூற யான் வந்தேனல்லேன். ஆனால், ஓர் இலைச் சோற்றைப் பெரும்பழியாக எண்ணி நாணுபவன், அந்நாணத்தை மறத்தற்கும் உணவையே நாடுகின்றான் என்பதைக் கண்கூடாகக் கண்டிருக்கின்றேன். 2007-இல் ஆடம்ஸ், லியரி என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவியர் எண்ணெயிற் பொரித்த இனிப்பப்பம் ஒன்றை உண்டபின், சிலரிடம் மட்டும், இதனை எல்லாரும்தான் உண்கின்றனர், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டா என்று கூறப்பட்டது. கட்டுப்பாடு மிகுந்த மாணவியருள் அச்சொல்லைக் கேட்டவர், கேளாதவரினும் குறைவாகவே பின்வந்த மிட்டாயை உண்டனர். நம் விடுதிகளிற் பருத்த மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டி, அவன் இரண்டாம் முறை சோறு கேட்கும்போது நகைப்பவர், அவனைத் திருத்துகின்றோம் என்று எண்ணலாம். நகைப்புக்கு அஞ்சி உணவறையில் குறைத்து உண்பவன், இரவிற் கதவடைத்துக்கொண்டு தனியே உண்பான். அவன் உடம்பையும் நட்பையும் ஒருங்கே கெடுக்கும் விளையாட்டு இது.

இவ்வாறு கூறுவது பெருந்தீனிக்கு உரிமைச்சீட்டு அளிப்பதாகாதோ என ஒருவர் வினவலாம். விருந்து ஆண்டுக்குச் சில நாள். வழக்கம் ஆண்டு முழுதும். உவரிப் பக்கத்துப் பனைத்தொழிலாளர் பருவகாலத்தில் ஒவ்வொரு மரத்திலும் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கினர். பரதவர் துடுப்பு வலித்துக் கடல்மேற் சென்றனர். அவர் உண்ட கருப்பட்டியும் சோறும் உழைப்பிற் கரைந்தன. இன்று படகிற்குப் பொறி வந்துவிட்டது, பனையேறுவார் அருகிவிட்டனர், நாமோ நாற்காலியில் அமர்ந்து, கருப்பட்டி வெல்லாம் நல்லது என்று அதே அளவு கரைத்துக் குடிக்கின்றோம். அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையார் பத்துக் கோடிக்கு மேல் என மதிப்பிட்டது. அச்சத்துக்கு இடம் உண்டு. நம்பிக்கைக்கும் உண்டு: சென்னையில் இராமச்சந்திரன் முதலிய மருத்துவர் நீரிழிவின் எல்லையில் நின்றோரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவையும் நடையையும் மூன்றாண்டு ஒழுங்குபடுத்தியவர்க்கு நோய் தோன்றுதல் நூற்றுக்கு இருபத்தெட்டு வீதத்திற்கு மேல் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதிருந்தும் இப்பயன் விளைந்தது. எடைப்பொறி ஒன்றனையே நீதிபதியாக வைத்து, அதன் ஒரு நாட் சொல்லுக்கு அஞ்சி நடையை நிறுத்துபவன் இழப்பது எவ்வளவு என்பதை இதனால் உணரலாம்.

அடிக்கடி தன்வயம் இழந்து மறைவாக உண்பவரும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பவரும் உளர். அது நோய், கட்டுரை படித்துத் தீர்வதன்று. அவர் மருத்துவரை நாடுக. நண்பர் அவரைக் கையோடு அழைத்துச் செல்க.

இவ்வாண்டும் உவரிக்குச் சென்றேன். சோற்றை முன்கூட்டியே குறைத்து மீனுக்கு இடம் வைத்திருந்தேன்; பாயசம் ஒருமுறை போதும் என்றேன்; அத்தை இருமுறை ஊற்றினார். இருமுறையும் உண்டேன். புறப்படும்போது ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயையும் கையில் திணித்தார். பேருந்தில் அருகிருந்த குழந்தைகள் அதிற் பாதியைத் தீர்த்தனர். மீதியை அண்டை வீட்டார்க்குக் கொடுத்தேன். மறுநாள் எடைப்பொறியை அலமாரியினின்றும் எடுக்கவில்லை. வாரமொருமுறை, சனிக்கிழமை காலையில்தான் அதற்கு வேலை. காலையில் மூன்று இட்டிலி. மாலையில் கால்கள் சற்றுக் கனத்தன. எனினும் வழக்கமான வீதிகளில் ஒரு மணி நேரம் நடந்து வந்தேன்.