திறந்த ஏடும் ஆய்வாளர் பெயரும்

கணித ஆய்வு என்றதும், கதவடைத்த அறையில் தனித்திருந்து சிந்திக்கும் அறிஞரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அவ்வுருவத்தை 2009ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் திமோதி கோவர்ஸ் கலைத்துப் பார்த்தார். கணிதத்தின் உயரிய விருதாகிய ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற அவர், தாம் தீர்க்க விரும்பிய சிக்கல் ஒன்றை இணையத்தில் அனைவர் பார்வைக்கும் வைத்து, விருப்பமுள்ளோர் யாவரும் வருக என அழைத்தார். 'பாலிமத்' எனப் பெயர் பெற்ற அம்முயற்சி, கணிதம் பயிலாதாரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எடுத்துக்கொண்ட சிக்கல் 'அடர்த்தி ஹேல்ஸ்–ஜுவெட் தேற்றம்' என்பது. ஃபர்ஸ்டன்பர்க், காட்ஸ்நெல்சன் எனும் இருவர் 1991இலேயே அதனை நிறுவிவிட்டனர். ஆயின், வேறொரு கணிதத் துறையின் கருவிகளைக் கொண்டு அவர்கள் சென்றது சுற்றுவழி. நேர்வழி உண்டா என்பதே கோவர்ஸின் வினா. அவர் வகுத்த விதிகள் சுவையானவை. அரைகுறைச் சிந்தனையாயினும், பிழைபட்டதே ஆயினும் தயங்காது எழுதலாம். சுருங்க எழுத வேண்டும். தனியே சென்று நெடுநாள் உழைத்து, மெருகேற்றி எடுத்துவருதல் ஆகாது! (பிழை நேருமோ என்றஞ்சி வாய் திறவாதிருக்கும் நம் கருத்தரங்குகளின் வாயிலில் இவ்விதிகளை எழுதி வைக்கலாம்.) குறிப்புகளுக்கு எண்ணிட்டனர். தேறியவற்றைத் தொகுக்க, எவரும் திருத்தக்கூடிய 'விக்கி' ஏடு ஒன்றும் இருந்தது. டெரன்ஸ் டாவ் போன்ற மேதைகளோடு பள்ளி ஆசிரியரும் கலந்துகொண்டார். ஏறத்தாழ ஆறு வாரங்களில் வழி புலப்பட்டது.

2013இல் மற்றொரு வாய்ப்பு வந்தது. 7 கோடிக்கும் குறைவான இடைவெளியுடைய பகா எண் இணைகள் முடிவின்றி உள என யீடாங் ஜாங் நிறுவினார். கூட்டுமுயற்சியினர் அவ்வெல்லையை 4,680 வரை குறைத்தனர். ஜேம்ஸ் மேனார்டு தனித்துக் கண்ட புதுமுறை அதனை 600 ஆக்கியது. பின்னர் அவரும் இணைய, 2014இல் 246ஐ எட்டினர். தனியறையும் பொது ஏடும் பகையல்ல என்பதற்கு இது சான்று. எல்லாப் பாலிமத் முயற்சிகளும் வென்றன எனக் கூறோம். சில பாதியில் நின்றன.

ஆயினும், நம்மை உறுத்துவது வேறு. முதல் முயற்சியின் கட்டுரை 2012இல் புகழ்பெற்ற கணித ஆய்விதழொன்றில் வெளியாயிற்று. ஆசிரியர் பெயர் 'டி.எச்.ஜே. பாலிமத்'. அப்படியொரு மனிதர் இல்லை! கோவர்ஸுக்கும் டாவுக்கும் இதனால் இழப்பில்லை. அவர்கள் பெயர் ஏற்கெனவே நிலைத்தது. முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் இளைஞரோ, வேலைக்கான விண்ணப்பத்தில் எதனை எழுதுவார்? தம் சிந்தனையைப் பொதுவில் வைத்தால் பிறர் எடுத்துக்கொள்வர் என அவர் அஞ்சுவதைத் தன்னலம் என்று இகழ்வது எளிது, நேர்மையன்று. கட்டுரைகளை எண்ணி மதிப்பிடும் முறையே அவ்வச்சத்தை விதைத்தது.

கருவி வந்துவிட்டால் பகிர்வு தானே வரும் என்போரை நாம் ஏற்பதற்கில்லை. மனித மரபணுத் தொகுதியை ஆராய்ந்தோர் 1996இல் பெர்முடாத் தீவில் கூடி, கண்டறியும் மரபணு வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிடுவதென உடன்பட்டனர். தனியொருவர் பெருந்தன்மைக்கு அதனை விடாது, பொது நெறியாக்கினர். பொருளுதவி செய்த நிறுவனங்களும் அந்நெறிக்குத் துணைநின்றன.

பொது ஏட்டில் யார், எந்நாளில், என்ன எழுதினார் என்பது அழியாமல் பதிவாகிறது. மூடிய அறையில் நடந்த உழைப்புக்கு இத்தகைய சான்று இல்லை. ஆகவே, பட்டமளிப்போரும் பணியமர்த்துவோரும் அப்பதிவைப் படித்து மதிப்பிட முன்வர வேண்டும். எத்தனை கட்டுரை என்று கேட்கும் நேர்காணல் குழுவினர், எந்தச் சிக்கலில் எவருக்கு உதவினாய் என்றும் கேட்கட்டும். விடையைச் சரிபார்க்க ஏடு திறந்தே இருக்கிறது.