கடிதங்களைக் காத்தபின் கணினியைச் செப்பஞ்செய்க

கணினியொன்று பழுதுற்றுத் திரை இருண்டவுடனே, அதனகத்திருந்த கடிதங்களும் மாண்டனவென்று கருதுவது நம்மவர் வழக்கமாயிருக்கின்றது. அதனைச் செப்பஞ்செய்வோரும், நோயின் மூலம் யாதென்று ஆராயாமலே வன்தட்டை முற்றும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிடுகின்றனர். பாண்டம் உடைந்ததென்று பொக்கிஷத்தையும் உடன் எறிவதற்கு இஃது ஒப்பாகும். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே எமது துணிபு.

மின்வழங்கியோ தாய்ப்பலகையோ கெட்டவிடத்து, வன்தட்டு பெரும்பாலும் ஊறின்றியே இருக்கும். அதனைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பி ஒன்றினால் வேறொரு கணினியிற் பொருத்தினால் கோப்புக்கள் முன்போலவே தோன்றும். அவுட்லுக்கைக் கையாண்டவராயின், பி.எஸ்.டி. என்னும் ஈறுடைய ஒரே கோப்பினுள் கடிதங்களும் முகவரிகளும் ஒருங்கே இருத்தல் உண்டு. தண்டர்பேர்டிலோ இரண்டும் வெவ்வேறு கோப்புக்களாம். அவை விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்னும் மறைவான கோப்புறையுட் கிடத்தலின், தேடுவோர் காணாது கைவிடுகின்றனர். கடிதங்களைக் கண்டெடுத்தோரும் முகவரியேட்டை மறந்துவிடுகின்றனர். எம்மைக் கேட்பின், முகவரியேடே முற்பட எடுத்தற்குரியது. பழைய கடிதம் போயினும் புதியது எழுதலாம்; முகவரி போயின் யாருக்கு எழுதுவது?

கடிதங்கள் அஞ்சல் நிறுவனத்தாரிடமே இருக்கின்றனவே, இத்துணை வருத்தம் எற்றுக்கு என்பர் சிலர். ஐமேப் முறையைக் கைக்கொண்டோர்க்கு அக்கூற்றுப் பொருந்தும். பாப் முறையிலோ, கடிதம் கணினியில் இறங்கியபின் நிறுவனத்தாரின் சர்வரினின்றும் நீங்கிவிடுதல் உண்டு. அம்முறையிற் பல்லாண்டு அஞ்சல் பெற்ற முதியவர் ஒருவருக்கு, மறைந்த மனைவியார் எழுதிய கடிதங்கட்கு அத்தட்டையன்றி உலகில் வேறு படி இல்லை. அதனையன்றோ அரைமணி நேரத்தில் அழிக்கின்றனர்!

தட்டே கெட்டு 'டக், டக்' என ஒலிக்குமாயின் நிலைமை வேறு. படிக்கும் முனை தட்டின்மேற் சில நானோமீட்டர் உயரத்தில் மிதப்பதாகலின், அது தாழ்ந்து உராயுமாயின், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது எழுத்தையே சுரண்டுவதாகும். உடனே நிறுத்தி, தூசியற்ற அறையுடைய வல்லுநரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். செலவு மிகுதிதான், அச்செலவு தகுமா தகாதா என்று துணிய வேண்டியவர் கடிதத்திற்குரியவரேயன்றிக் கடைக்காரர் அல்லர்.

பிட்லாக்கர் பூட்டுள்ள தட்டினை வேறு கணினியில் திறத்தற்கு 48 இலக்க மீட்பெண் வேண்டும். அவ்வெண்ணை அக்கணினியினுள்ளேயே எழுதி வைத்திருப்போரும் உளர்!