அட்டையில் அடங்காத கதை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது நம் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்போம். வருகிற ஆண்டுக்கு அதுதான் நம் வசனம். அந்தக் கட்டில் எரேமியா 29:11 கட்டாயம் இருக்கும். கடவுள் நமக்கு நல்லதையே நினைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகே அது நடக்கும் என்கிறது அது. சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த நன்மையைக் காணாமலே அந்நிய மண்ணில் கண்மூடியிருப்பார்கள். சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்கு வந்த கடிதத்தை நாம் ஆளுக்கொரு சீட்டாகக் கிழித்துக்கொண்டோம்.

காளஹஸ்தியில் இருந்துகொண்டு இதைச் செய்தோம் என்பது கூடுதல் வெட்கம். கதையால் தன்னை அறிந்த ஊர் இது. சிலந்தியும் பாம்பும் யானையும் பூசித்த கதையை, வேடன் திண்ணன் தன் கண்ணைப் பெயர்த்து அப்பிக் கண்ணப்பன் ஆன கதையை, இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எடுத்த எடுப்பில் சொல்வார். நம் பிள்ளைகளிடம் நீங்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பதில் வரும். இன்னும் தோண்டினால் தாழ்ந்த குரலில் சாதிப் பெயர் வரும். படைப்பில் தொடங்கிப் புதிய வானம் புதிய பூமி வரை போகும் ஒரு நெடுங்கதையில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று சொல்லும் பிள்ளையை நாம் வளர்க்கவில்லை.

கதையை முழுதாகச் சொல்லும் வேலையை இதே ஊரின் கலம்காரிக் கலைஞர்கள் நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து, புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்து, இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பில் மூங்கில் எழுதுகோலைத் தோய்த்துக் கோடு இழுப்பவர்கள் அவர்கள். நடுவில் பெரிய காட்சி, சுற்றிலும் வரிசை வரிசையாகக் கதையின் கட்டங்கள், அடியில் தெலுங்கில் எழுத்து. இராமாயணத்தையும் பாரதத்தையும் எழுதிய அதே கைகள் இயேசுவின் வாழ்க்கையையும் எழுதியிருக்கின்றன. ஒரு கட்டத்தை மட்டும் வெட்டியெடுத்தால் அது கதையாகாது என்பது அவர்களுக்குத் தொழிலிலேயே தெரியும். ஞானஸ்நானம் பெற்ற நமக்குத்தான் தெரியவில்லை.

உபாகமம் 26-ஆம் அதிகாரத்தை நம் மேய்ப்பர்கள் காணிக்கை ஞாயிறுகளில் எடுப்பதுண்டு. முதற்பலன் கொடு என்பதோடு பிரசங்கம் நின்றுவிடும். அங்கே விவசாயி கூடையை வைத்தவுடன் கதை சொல்ல வேண்டும். தன் முன்னோன் நாடோடியாய் அலைந்தவன், எகிப்தில் அடிமையாய் ஒடுக்கப்பட்டவன், கூக்குரலிட்டு மீட்கப்பட்டவன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே காணிக்கை முழுமை பெறும். பிறகு லேவியனும் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனும் அந்த மகிழ்ச்சியில் பங்கு பெற வேண்டும். அடிமை வம்சம் என்று சொல்வதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை. மீட்டவரின் பெயர் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

நாம் செய்தது நேர் எதிர். நமக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 1860-களில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனின் ஆகஸ்ட் மிலியுஸ் நாயுடுபேட்டைப் பக்கம் வந்து ஊழியம் தொடங்கினார். வடக்கே ஓங்கோலில், 1876–78 பஞ்சத்தின்போது பக்கிங்ஹாம் கால்வாய் வேலையில் பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்த மிஷனரி ஜான் கிளஃப், சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்திருந்தார். பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாதிகப்பள்ளிகள் எனப்படும் தலித் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். அது நம் யாத்திராகமம். ஆனால் மிஷனரியின் பெயரில் கல்வெட்டு வைத்தோம். அவரிடம் நடந்து வந்தவர்களை மறந்தோம். பள்ளியின் பெயரைச் சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று தாத்தா பாட்டி கதையைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்தோம்.

மறைக்க அரசும் ஒரு காரணம் கொடுத்தது, உண்மைதான். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினரை இந்துக்களாக மட்டும் பார்த்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. ஆந்திராவில் மதம் மாறிய பட்டியல் சாதியினருக்கு பி.சி. – சி பிரிவில் கிடைப்பது ஒரு சதவீத இடஒதுக்கீடு. பிள்ளையின் படிப்புக்காகச் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழும் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களைப் பீடத்திலிருந்து குத்திக்காட்டியவர்களைத்தான் சொல்கிறேன். அந்தப் பீடத்துக்கு எதிரிலேயே சாதி பார்த்துக் கமிட்டித் தேர்தல் நடந்தது. அதே வாயால் கிறிஸ்தவப் பத்திரிகையில் சாதி குறிப்பிட்டு மணமகன் தேவை விளம்பரம் கொடுத்தோம். எல்லா மனிதரும் கடவுளின் சாயல் என்ற வேதத்தின் முதல் அதிகாரத்தை நம்பியிருந்தால் அந்த விளம்பரத்தை எழுதக் கை வந்திருக்காது.

படைப்பின் கதையை விட்டதற்கு இன்னொரு சாட்சி நம் ஊர் ஆறு சுவர்ணமுகி. கலம்காரித் துணியை அலச ஓடுகிற நீர் வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆறு மணலாய்க் கிடக்கிறது. மணலும் லாரியில் போகிறது. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும்படி மனிதன் வைக்கப்பட்டான் என்பதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆற்றுக்காக ஒரு மனு எழுதியதில்லை. ஆத்துமா பரலோகம் போனால் போதும் என்றிருந்தோம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் நகரம் இறங்கி வருவதும், அதன் நடுவே ஓர் ஆறு ஓடுவதும் நம் கண்ணில் படவில்லை.

சபை மூப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகையில் பூசணியையும் சேவலையும் ஏலம் விடுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சபையிலேயே வயதான அம்மா ஒருவரை முன்னால் உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுங்கள். ஆபிரகாமிலிருந்து தொடங்கட்டும். எகிப்து, பாபிலோன், சிலுவை, காலியான கல்லறை எல்லாம் சொல்லி, பஞ்ச காலத்துக்கு வந்து, தன் பாட்டி எந்தப் பள்ளியிலிருந்து நடந்து வந்தாள் என்று பெயர் சொல்லி முடிக்கட்டும். பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கட்டும். ஏலம் அப்புறம்.