திரும்பி வருவோருக்கு இடம் எங்கே?

ஆராய்ச்சியின் பொருட்டு அந்நிய நாடுகளுக்குச் செல்லும் நமது வாலிபர்கள் தாய்நாட்டை மறந்து அங்கேயே தங்கிவிடுகின்றனர் என்ற குற்றச்சாட்டை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். குற்றம் சாட்டுவது எளிது. ருசுப்படுத்துவது வேறு விஷயம். சாட்சியங்களைப் பட்சபாதமின்றிப் பரிசீலிப்போருக்கு, கூண்டில் நிற்க வேண்டியவர்கள் அவ்வாலிபர்கள்தாமா என்ற ஐயமே எழும்.

முதலாவதாக, கடல் கடந்து செல்வதே பிழையென்று எவரும் வாதிக்க முடியாது. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குச் சென்றிராவிடில், தமது கணிதத்தின் தரமறிந்தோருடன் கூடி உழைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிராது. இந்நாட்டிலேயே பயின்று இந்நாட்டிலேயே உழைத்த ஸர் சி. வி. ராமன் விஷயத்திலும், 1921இல் ஆக்ஸ்போர்டு மகாநாட்டிற்குப் போய்த் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவருள் எழுப்பிய கேள்வியே, 1928இல் அவர் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிவதற்கு வழிகோலிற்று. போக்குவரத்து அற்ற அறிவு தேங்கிய நீராகும்.

எனவே, போவது குற்றமன்று. திரும்பாமையோ? ஹர்கோவிந்த் கொரானாவின் வரலாறு இதற்குத் தக்க சாட்சியம். பஞ்சாபில் ஒரு கிராமத்தில் பிறந்த அவர், 1945ஆம் ஆண்டில் இந்திய சர்க்காரின் உதவிச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். லிவர்பூலில் டாக்டர் பட்டம் பெற்றார். 1949இல் தாய்நாடு திரும்பவும் செய்தார். அதற்குள் பிரிவினையால் அவரது சொந்த ஊர் பாகிஸ்தானில் சேர்ந்துவிட்டது. சுதந்திரம் பெற்ற இந்தியாவிலோ அவருடைய தகுதிக்கேற்ற உத்தியோகம் அகப்படவில்லை. மீண்டும் இங்கிலாந்து, பிறகு கனடா, பிறகு அமெரிக்கா என்று சென்றார். 1966இல் அமெரிக்கப் பிரஜையானார். 1968இல் வைத்தியத்திற்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்நிய ஆட்சி பணம் கொடுத்து அனுப்பியவரை நமது சுயராஜ்யம் இடமின்றித் திருப்பி அனுப்பிற்று என்பதே இதன் சாரம். இதில் தேசபக்தி குறைந்தவர் யார்?

இதற்கு மாறான சாட்சியமும் உண்டு. 1939இல் விடுமுறைக்காகத் தாய்நாடு வந்திருந்த ஹோமி பாபா, யுத்தம் மூண்டதால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப இயலவில்லை. பெங்களூர் விஞ்ஞானக் கழகம் அவருக்கு இடமளித்தது. 1945இல் டாட்டா தர்ம நிதியின் துணைகொண்டு அவர் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தார். பின்னர் அவரே வெளிநாடுகளிலிருந்த பலரை இங்கே அழைத்து வந்தார். இடம் இருந்தது; ஆள் தங்கினார்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1958ஆம் ஆண்டிலேயே, திரும்பி வருவோரைத் தற்காலிகமாக அமர்த்த ஒரு திட்டம் வகுத்தது. இந்நூற்றாண்டில் ராமலிங்கசுவாமி, ராமானுஜன் ஆகியோர் பெயரால் ஐந்தாண்டு உதவிச் சம்பளங்கள் ஏற்பட்டன. இவை போற்றத்தக்கவையே. ஆயினும் கருவிகளைத் தருவித்து, மாணவர்களைச் சேர்த்து, ஆய்வுக்கூடம் உருப்பெறுவதற்குள் அந்த ஐந்தாண்டில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. அதன் பின் நிரந்தரப் பதவி கிடைக்குமென்ற உறுதியில்லை. குடும்பத்தோடு திரும்பிய ஒருவர் நாற்பது வயதில் மீண்டும் விண்ணப்பத்தைக் கையிலேந்தி அலைய நேர்ந்தால், அதைக் காணும் அடுத்தவர் கப்பலேறத் துணிவாரா?

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு மட்டும் சலுகை காட்டினால், இங்கேயே இருந்து உழைத்தவர்களுக்கு அநீதியாகாதா என்று சிலர் கேட்பர். நியாயமான ஆட்சேபனையே. நாம் கோருவது சலுகையன்று; இருதரத்தாருக்கும் பொதுவான ஒழுங்கு.

சர்வகலாசாலைகளில் காலியான ஆசிரியப் பதவிகள் காலதாமதமின்றிப் பகிரங்கப் போட்டியால் நிரப்பப்படவேண்டும். உதவிச் சம்பளக் காலத்தில் திருப்திகரமாக உழைத்தவர்களுடைய வேலையைப் பரிசீலித்து, காலம் முடிவதற்கு முன்னரே நிரந்தரப் பதவி பற்றிய தீர்ப்பைக் கூறவேண்டும். ஒதுக்கிய பணம் உரிய மாதத்தில் கைக்கு எட்டவேண்டும். இங்கிருப்போரும் இரண்டொரு வருஷம் வெளிநாடு சென்று, பதவியை இழக்காமல் திரும்ப விடுமுறை அளிக்கவேண்டும்.

தேசபக்தியை உபதேசிப்பதற்குச் செலவில்லை. ஆய்வுக்கூடம் அமைப்பதற்குச் செலவுண்டு. அந்தச் செலவை ஏற்கத் தயங்கும் சர்க்காருக்கு, போனவர்களைக் குறை கூறும் உரிமை கிடையாது.