முறைமன்ற ஏடு எவர்க்கு உரியது?

ஒருவன்மேற் குற்றஞ் சாட்டி, உசாவி, அவனைச் சிறைக்கு அனுப்புவதும் விடுவிப்பதும் மக்கள் பெயரால் நடைபெறும் செயல்களாகும். காவல்துறை தொடுக்கும் குற்ற வழக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கட்சி அரசே. அரசு மக்களுக்கு உரியது என்பது மெய்யானால், அவ்வழக்கின் ஏடும் மக்களுக்கு உரியதே. இதனை நாம் புதிதாகச் சொல்லவில்லை. குற்ற வழக்கை உசாவும் இடம் பொதுமக்கள் புகத்தக்க திறந்த மன்றமாக இருத்தல் வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு கூறிற்று. அச்சட்டத்தை நீக்கிவிட்டு 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 366ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. ஆகவே வழக்கு நடக்குங்கால் எவனும் உள்ளே சென்று அமர்ந்து கேட்கலாம். கேட்டவன் பின்னொரு நாள் அவ்வழக்கின் தீர்ப்பைக் கண்ணாற் பார்க்க விரும்பினால்? அங்கேதான் நம் மக்களின் இடர்ப்பாடு தொடங்குகின்றது.

வள்ளூரை எடுத்துக்கொள்வோம். வழியறியா மலைக்காடு அன்று அவ்வூர். 1,500 மெகாவாட்டு மின்னாற்றல் ஆக்கும் அனல்மின் நிலையம் அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றது. அத்திப்பட்டுப் புதுநகரில் மின்தொடர்வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் சென்னையை அடையலாம்; 1892இல் திறக்கப்பெற்ற உயர் முறைமன்றத்தின் செங்கட்டடத்தைக் காணலாம். ஆயினும், ஒரு குற்ற வழக்கின் ஏட்டைத் தேடிப் புறப்படும் வள்ளூர்க்காரனுக்கு அம்மன்றம் இமயத்தினும் தொலைவில் உள்ளது. எங்கே தொடங்குவது என்பதே அவனுக்குத் தெரியாது. கொற்றலையாற்றின் இப்பக்கம் வள்ளூர், திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். முகத்துவாரப் பக்கம் எண்ணூரும் திருவொற்றியூரும் 2018 முதற் சென்னை மாவட்டம். காவல்துறையின் எல்லையோ, 2022இல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் தோன்றியபின், வருவாய்த்துறையின் எல்லையோடு ஒத்துச் செல்வதன்று. சாம்பற் குழாய் ஓரத்தில் ஒருவன் சுமையுந்து மோதி இறந்தால், அது எந்தக் காவல் நிலையத்து எண், எந்த நடுவரின் கோப்பு என்று கண்டுபிடிப்பதற்கே வழக்குரைஞர் ஒருவர்க்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன தந்திருக்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். 2016 செப்டம்பர் 7ஆம் நாள் உச்ச முறைமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. காவல் நிலையத்திற் பதிவாகும் முதற் செய்தி அறிக்கையை (மக்கள் வாயில் 'எஃப்.ஐ.ஆர்.') 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் வலைத்தளத்தில் ஏற்றுதல் வேண்டும்; இணையத் தொடர்பு வாய்க்காத தொலைவிடங்களில் 72 மணி நேரம் வரை தாழ்க்கலாம் என்பது அது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான பாலியற் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அது முறையே. இவ்வாணை நல்லதோர் ஆணை. நம் நாட்டில் அவ்வறிக்கைகள் பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்படுகின்றன என்பது மற்றொரு நன்மை. நல்லது இத்துடன் முடிந்தது.

அறிக்கைக்குப் பின் காவல்துறை உசாவி முடித்துக் குற்றச்சாட்டு அறிக்கையை மன்றத்தில் வைக்கின்றது. அதனையும் பொதுவில் வெளியிடுக என்று கேட்ட வழக்கில், அது பொது ஆவணம் ஆகாது என்று 2023 சனவரியில் உச்ச முறைமன்றம் மறுத்துவிட்டது. சரி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மன்றத்து ஆவணத்தைக் கேட்கலாமே என்றால், குசராத்து உயர் முறைமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச்சில் அவ்வழியும் அடைபட்டது. உயர் முறைமன்றங்கள் தமக்கென வகுத்துக்கொண்ட நெறிமுறைப்படியே படி பெறுதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கிற் கட்சியாகாத ஒருவன், தனக்கு அவ்வேடு எதற்கு என்று மன்றத்துக்குக் கரணியங் காட்டி நிற்க வேண்டியவனாகின்றான். மக்கள் பெயரால் நடந்த வழக்கின் ஏட்டை மக்களுள் ஒருவன் கேட்டால், 'உனக்கு ஏன்?' என்பது வினா! வீட்டுக்காரனை வாயிற்காவலன் வழிமறிப்பது போன்றது இது.

இனி, இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றது என்பாரை நோக்கி ஒரு செய்தி. மாவட்ட மன்றங்களின் வழக்கு நிலவரத்தைக் காட்டும் மின்மன்ற வலைத்தளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் 16 குறிகள் கொண்ட தனியெண் உண்டு. அவ்வெண் கையிலிருந்தால் நொடியில் விளக்கம் கிடைக்கும். வழக்கெண்ணும் ஆண்டும் தெரிந்தாலும் கிடைக்கும். ஒன்றுந் தெரியாதவன், கட்சிக்காரர் பெயரை இட்டுத் தேடுதல் வேண்டும். எந்த எழுத்தில்? பதிவானது ஆங்கில எழுத்தில்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். எழிலன் என்று அவனுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உறவினர் ஊர்த் திருவிழாவில் எழுந்த கைகலப்பில் அவன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். வழக்கு மூன்றாண்டு இழுபட்டு, அவன் குற்றமற்றவன் என்று விடுவிக்கப்பட்டான். பின்னர் அவனுக்கு ஒரு வேலை வந்தது. வழக்கு இருந்ததை அவன் மறையாது எழுதினான். (மறைத்தால் வேலையே போகலாம், இது குறித்து உச்ச முறைமன்றமே 2016இல் விரிவாகத் தீர்ப்புரைத்துள்ளது.) தீர்ப்பின் படியைக் கொண்டுவா என்றார்கள். வழக்குரைஞர் இறந்துபோயிருந்தார், எண் எவரிடத்தும் இல்லை. அவனும் நானும் கணினிமுன் அமர்ந்தோம். தமிழில் 'எழிலன்' ஒரே பெயர், நான்கே எழுத்து. ஆங்கிலத்தில் அதனை எப்படி எழுதினார்களோ? ழகரத்துக்கு இசட்டும் எச்சும் இட்டோம்; இல்லை. எல் இட்டோம்; இல்லை. தனி இசட்டு இட்டோம், இல்லை. முதலில் ஒய் சேர்த்து, ழகரத்துக்கு எல்லை இரட்டித்து இட்டபோது, எவனோ 'யெல்லிலன்' என்பவன் தென்பட்டான். அவன்தான் இவன்! காவல் நிலையத்து அறிக்கையில் தமிழெழுத்திற் செவ்வையாக இருந்த பெயர், ஆங்கிலத்துக்குப் போனதும் உருவழிந்துவிட்டது. அதன்பின் படி கேட்டு விண்ணப்பம், முத்திரைக் கட்டணம், 'அடுத்த கிழமை வா' என்னும் சொல். ஒன்றரைத் திங்கள் கழிந்து படி வந்தது. வேலை அதற்குள் வேறொருவனுக்குப் போய்விட்டது. எந்த மன்றம் என்பது இங்கு வேண்டா.

சிறைத் தண்டம் பெற்றவனுக்குத் தீர்ப்பின் படியை உடனே விலையின்றித் தருதல் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகின்றது. விடுவிக்கப்பட்டவனுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. அவன் கேட்டுப் பெறுதல் வேண்டும். குற்றவாளிக்குக் கையில் தீர்ப்பு, குற்றமற்றவனுக்கு அலைச்சல்!

ழகரத்தையும் ளகரத்தையும் றகரத்தையும் பிரித்துக் காட்டமாட்டாத ஓர் எழுத்தில் தமிழ் மக்களின் பெயர்களைப் பதிவு செய்வது எவர் வசதிக்காக? வள்ளூர், வல்லூர் என்னும் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்; இரண்டும் ஒன்றாகவே நிற்கும். வேறூரான் குற்றம் நம்மூரான் தலையில் ஏறுதற்கு இஃதொன்று போதாதா? இதனைத் திருத்துவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. அறிக்கையில் உள்ள தமிழ்ப் பெயரை அப்படியே ஏற்ற ஒரு கட்டம் கூடுதலாக வைத்தாற் போதும். இன்று கைப்பேசியில் எட்டு அகவைச் சிறுமி தமிழில் எழுதுகின்றாள். மன்றத்துக் கணினி மட்டும் எழுதமாட்டாதோ?

தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. கீழ்மன்றங்களில் தமிழ் வழங்குதற்கென 1976இல் அது திருத்தப்பட்டது. அதாவது, அரைநூற்றாண்டாகச் சட்டம் நம் பக்கம் இருக்கின்றது. பழக்கம் ஆங்கிலத்தின் பக்கம் இருக்கின்றது. உயர் முறைமன்றத்தின் நிலையோ வேறு. அரசியற் சட்டத்தின் 348ஆம் பிரிவு அங்கே ஆங்கிலத்தை அமர்த்திற்று; ஆனால் ஆளுநர், குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று மாநில மொழிக்கு இடந்தரலாம் என்றும் கூறிற்று. அவ்வழியே இராசத்தானம், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களில் இந்தி ஏறி அமர்ந்தது. 2006 திசம்பரில் நம் சட்டப்பேரவை தமிழுக்கு அவ்வுரிமையைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது, அது மறுக்கப்பட்டது. 2019 சூலையில் உச்ச முறைமன்றம் தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோதும் முதற் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுப்பிய பின்னரே சேர்த்தார்கள். கேளாமல் நமக்கு எதுவும் வந்ததில்லை.

இப்பொழுதோ சட்டத்தின் பெயரே வடமொழியாகிவிட்டது. 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா' என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புதுப் பெயராம்! நம் எழுத்தில் எழுதும்போதே கை தடுமாறுகின்றது. மீன் விற்றுவிட்டு மன்றத்துக்கு வரும் காட்டுக்குப்பத்துத் தாய், தன் மகனை எந்தச் சட்டத்திற் பிடித்தார்கள் என்பதையே இனிச் சொல்லமாட்டாள்.

நம் முன்னோர் குற்ற ஏட்டை எங்கே வைத்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிற் சுவரில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயரும், அவர்தம் உறவினர் உடைமைகள் பறிக்கப்பட்டு விற்கப்பட்ட செய்தியும் அதில் உள்ளன. கொன்றோர் பார்ப்பனர், கொலையுண்டவன் பட்டத்து இளவரசன், ஆணையிட்டவன் வேந்தன். அத்தகைய வழக்கின் முடிவைத் தமிழிற் கல்லிற் பொறித்து, வருவோர் போவோர் படிக்கும் சுவரில் வைத்தார்கள். உறவினரின் உடைமையைப் பறித்தது முறையா என்பது வேறு வினா. அதனை இன்று நாம் எழுப்ப முடிவதே அவ்வேடு திறந்து கிடப்பதால்தான் என்க. பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டும், எக்குற்றம் செய்தவர் அவையில் உறுப்பினராகக் கூடாது என்பதை ஊரறியப் பொறித்து வைத்திருக்கின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தீர்ப்பைப் பள்ளிச் சிறுவர்க்கு என்னாற் காட்ட முடிகின்றது. பத்தாண்டுக்கு முந்திய தீர்ப்பை, அதன் கட்சிக்காரனுக்கே காட்ட முடியவில்லை.

ஆங்கிலத்தைக் கட்டிக்கொண்டு அழுவோர்க்கு ஆங்கிலேயர் வரலாறாவது தெரிந்திருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் மன்றங்கள் தம் ஏடுகளை 1733 வரை இலத்தீனில் எழுதின. பொதுமகனுக்கு விளங்கவில்லை என்னும் கரணியத்தாலேயே, சட்டம் இயற்றி இலத்தீனை வெளியேற்றி ஆங்கிலத்தை அமர்த்தினர். இலண்டன் ஓல்டு பெய்லி மன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த குற்ற வழக்குகளின் அச்சிட்ட நடவடிக்கைகளை இன்று வள்ளூரிலிருந்தே, காசின்றி, கைப்பேசியிற் படிக்கலாம். இலண்டனிற் கைக்குட்டை திருடியவன் கதை நமக்குத் தெரியும். மீஞ்சூரில் என்ன நடந்தது என்பது தெரியாது.

இஃது தமிழர்க்கு மட்டும் உரிய வலியும் அன்று. 2025 செப்டம்பர் 30ஆம் நாள், எண்ணூரையடுத்த அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் இறந்தனர், பெரும்பாலோர் அசாமியர். வடவர் வருகையைப் பற்றி இவ்விதழில் வேண்டிய அளவு எழுதியிருக்கின்றோம். எனினும், இறந்தவனின் தாய், தன் மகன் சாவுக்கு எவர் பொறுப்பு என்று அறியும் உரிமையை எந்த எல்லையும் மறுக்க முடியாது. வள்ளூரானுக்குப் பொன்னேரியே தொலைவென்றால், அவளுக்கு இம்மண் எவ்வளவு தொலைவு! உசாவலின் போக்கை 90 நாளுக்குள் முறையிட்டவர்க்கோ தாக்குண்டவர்க்கோ தெரிவித்தல் வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கின்றது. அவளுக்கு அசாமியத்தில் அது போய்ச் சேர வேண்டும் என்பதே நம் கொள்கை. தாய்மொழி உரிமை நமக்கு மட்டும் என்று நாம் என்றும் சொன்னதில்லை.

மறுப்பு ஒன்று உண்டு; அது நேர்மையான மறுப்பே. ஏடுகளைத் திறந்துவிட்டால், விடுவிக்கப்பட்டவனின் பெயரும் என்றென்றும் இணையத்திற் கிடக்குமே என்பர். அத்தகைய ஒருவரின் வழக்கில், பெயரை மறைத்து வெளியிடுமாறு மதுரைக் கிளை 2024 பிப்பிரவரியில் ஆணையிட்டது. அதே ஆண்டு சூலையில் உச்ச முறைமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. என் கருத்து இது: விடுவிக்கப்பட்டவன் விரும்பினால் இணையத் தேடலில் அவன் பெயரை மறைக்கலாம், மன்றத்து ஏட்டில் மறைத்தல் ஆகாது. எழிலனுக்குத் தேவைப்பட்டது மறைவு அன்று. தான் குற்றமற்றவன் என்னும் அவ்வொரு தாள்.

கோட்டையிலிருந்து ஆணை வரும் வரை காத்திருத்தல் வேண்டா. வள்ளூர், எண்ணூர், திருவொற்றியூர் அன்பர்கள் முதற் செய்தி அறிக்கையின் எண்ணையும் ஆண்டையும் காவல் நிலையத்தின் பெயரையும் வீட்டு ஏட்டில் அன்றே குறித்து வைத்தல் வேண்டும். வழக்குரைஞரிடம் 16 குறி எண்ணைக் கேட்டு அதனருகில் எழுதுக. படி கேட்கும் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுக. குற்றஞ் சாட்டப்பட்டவன் தீர்ப்பைத் தன் தாய்மொழியில் பெயர்த்துக் கேட்கப் புதிய சட்டத்தின் 404ஆம் பிரிவு இடந்தருகின்றது. இயன்றவரை தருதல் வேண்டும் என்பது அதன் சொல். அப்பிரிவைச் சுட்டியே கேளுங்கள். இயலாது என்றால், இயலாமையை எழுத்தில் எழுதி, முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள்.